நான் கண்டுபிடித்த நெடுங்கேணின்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடம் மரப்பட்டை வெட்டி, காயவைத்து, ஊறவைத்து, வடித்து, கடைசியில் நான் கண்டுபிடித்தது கறித்தூள். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாம் சேர்த்து அரைத்து, வன்னியில் எந்த வீட்டுக் குசினியிலும் போத்தலில் இருக்கும் அதே கறித்தூள். அதைக் கண்டுபிடித்த அன்று ஆய்வுகூடத்தில் கேக் வெட்டினோம். கத்தியைப் பிடித்திருந்தது நான்.

ஆய்வுகூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு உங்கள் பணி அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டபோது, ஓய்வுபெற்ற மனிதருக்கு வரக்கூடிய பெருமை எனக்கும் வந்தது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு என் சாதனைகளை எழுதத் தொடங்கினேன். பஸ் டிக்கெற்றின் பின்பக்கமே போதுமாக இருந்தது. மடத்தனங்களை எழுதினாலோ ஒரு கொப்பி காணாது. ஆகவே பிள்ளைகளே, ஒன்றை மட்டும் சொல்கிறேன். வடிப்பது எப்படி, ஆவியாக்குவது எப்படி என்பதெல்லாம் உங்கள் புத்தகங்களில் இருக்கிறது. அந்தப் புத்தகங்களை எழுதியவர்கள் யாரும் நெடுங்கேணி மில்லுக்குப் போனதில்லை. அதனால் இது அவற்றில் இருக்காது.

எங்கள் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். மரப்பட்டையில் வீக்கத்தைக் குறைக்கும் பொருள் இருக்கிறதா என்று தேடுவது. வன்னியில் வீக்கத்துக்குப் பஞ்சமில்லை. விதைப்பு நேரம் முழங்கால், அரிவு வெட்டு நேரம் இடுப்பு, உழவு மெசின் ஓட்டுகிறவருக்கு வருடம் முழுவதும் தோள். அதற்குச் சனங்கள் வேலியில் நிற்கும் ஒதியமரத்தின் பட்டையை இடித்துக் கட்டுவார்கள். ஒதி எங்கள் பக்கத்தில் வேலிக்கென்றே பிறந்த மரம். கொப்பை வெட்டி நட்டால் தளிர்த்துவிடும். ஆனால் தடியாக வளர்ந்தாலும் மரம் மெது. வீட்டு வேலைக்கு உதவாது. சின்ன வயதில் என் உயரத்தையும் என் கணக்குப் புள்ளியையும் சேர்த்துப் பார்த்த மாமா, ‘ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது’ என்பார். அன்றிலிருந்து அந்த மரத்தின்மேல் எனக்கு ஒரு சகோதர பாசம். ஒருநாள் நம் இருவரையும் உலகம் மதிக்கும் என்று அதனிடம் மனதுக்குள் சொல்லியிருக்கிறேன்.

அந்த நாள் வரவேண்டிய அவசரம் இருந்தது. அப்போது எங்கள் ஆராய்ச்சித் திட்டத்தில் தர்ஷினி ஆய்வு உதவியாளராக இருந்தார். கண்டாவளையில் நெல் விதைக்கும் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வும் இந்தத் திட்டத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வேம்பு பார்த்தார், மாவிலங்கு பார்த்தார், பூவரசு பார்த்தார். எல்லாம் ஏதோ கொஞ்சம் வேலை செய்தன. முன்பே மற்றவர்கள் எழுதிவைத்ததற்குமேல் ஒன்றும் இல்லை. ஐந்து கிழமையில் கொழும்பிலிருந்து மீளாய்வுக் குழு வரப்போகிறது. சொல்லும்படியாக ஒன்றும் இல்லையென்றால் திட்டத்தை மூடுவார்கள். திட்டம் மூடினால் தர்ஷினியின் வேலையும் போகும். பாதி எழுதிய ஆய்வைக் கொண்டுபோய் முடிக்க வேறு ஆய்வுகூடமும் கிடையாது.

அந்த நேரம் பார்த்து எங்கள் அரைக்கும் இயந்திரம் எரிந்துபோனது. நாட்டில் டொலரும் இல்லை, பெற்றோலும் இல்லை, மின்சாரம் விருந்தாளி மாதிரி வந்து போன காலம் அது. உதிரிப்பாகம் எப்போது வரும் என்று கேட்டால் கடைக்காரர் கடலைப் பார்ப்பது போலத் தூரத்தைப் பார்த்தார். காய்ந்த ஒதியம்பட்டை அரைக் கிலோ பையில் கிடந்தது. நானே கொண்டுபோய் அரைத்து வருகிறேன் என்று வீரம் பேசிக்கொண்டு நெடுங்கேணிக்குப் போனேன்.

அங்கே ஒரு தூள் மில். அதை நடத்துகிறவர் செல்வராணி. தாய் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவர் பிறந்தது, வளர்ந்தது, மில் போட்டது எல்லாம் நெடுங்கேணியில். வயதில் என்னைவிட இளையவர்தான். ஆனாலும் ஊரில் எல்லோருக்கும் அவர் மில்லக்கா, எனக்கும் அப்படித்தான். மின்சாரம் இருக்கும் இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊர் முழுவதும் அரைத்தாக வேண்டும் என்பதால் வாளி, பேசின், உரப்பை என்று வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. என் முறை வந்ததும் மில்லக்கா பக்கத்தில் இருந்த தகரப் பேணிக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசி எடுத்து மில்லின் வாயில் போடப் போனார்.

நான் பாய்ந்து மறித்தேன். இது ஆராய்ச்சிப் பொருள், இதற்குள் ஒரு குறுணி அரிசி விழுந்தாலும் எல்லாம் பிழையாகிவிடும், தூய்மை என்றால் என்ன தெரியுமா என்று வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி ஒரு விரிவுரை செய்தேன். மில்லக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சந்தியில் நிற்கும் பொலிஸ்காரர் போலக் கையை உயர்த்தினேன். அவர் அரிசியைத் திரும்பப் பேணிக்குள் போட்டுவிட்டு, என் பட்டையை அப்படியே அரைத்துத் தந்தார். நல்ல சிவப்புத் தூள். ஒதியின் உட்பட்டையும் சிவப்புத்தானே. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

தூளைத் திறந்தவுடன் ஆய்வுகூடத்தில் எல்லோரும் தும்மினார்கள். பட்டையில் காரமான ஆவிப்பொருள் இருக்கிறது என்று விளக்கினேன். எங்கள் ஆய்வுகூடச் சிற்றூழியர் யோகன், பரிசோதனைக்கு முட்டை உடைக்கும் போதெல்லாம் மஞ்சள் கருவை வீட்டுக்குக் கொண்டுபோகும் அனுபவஸ்தர், மூக்கை இரண்டு தரம் உறிஞ்சிவிட்டுச் சொன்னார்:

“சேர், எனக்கெண்டால் ஆட்டிறைச்சிக் கறி மணக்குது.”

பசியில் இருக்கும் மனிதருக்கு எல்லாம் கறியாகத்தான் மணக்கும் என்றேன். அன்று காலை பத்தரைக்கே எல்லோரும் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தார்கள். அதையும் நான் கவனித்தேன். ஆனால் குறிப்பேட்டில் எழுதவில்லை. பிள்ளைகளே, நான் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியில் முழு விடையும் இருந்தது.

பெறுபேறு வந்தது. முட்டை வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் திரைந்து வெள்ளையாகும். வீக்கத்தைக் குறைக்கும் சரக்கு அதைத் திரையாமல் பிடித்து வைக்கும். எங்கள் ஒதி பிடித்து வைத்த பிடியை அதுவரை எந்தப் பட்டையிலும் நான் கண்டதில்லை. சாற்றில் உள்ள பொருட்களைப் பிரித்துக் காட்டும் தகட்டில் அதை ஓடவிட்டால் ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று மஞ்சள் பொட்டுகள். கறிக்குப் போடும் மஞ்சளைத் தகட்டில் ஓடவிட்டால் மூன்று மஞ்சள் பொட்டு வரும் என்பது இரண்டாம் வருட மாணவருக்கும் தெரியும். இருபது வருடமாக அதைப் படிப்பித்த எனக்கு அன்று தெரியவில்லை. மூன்று புதுப் பொருட்கள் என்று முடிவுகட்டி, அரைத்த ஊருக்கு மரியாதையாகப் பெயரும் வைத்தேன்: நெடுங்கேணின் ஒன்று, நெடுங்கேணின் இரண்டு, நெடுங்கேணின் மூன்று. அன்றுதான் கேக் வெட்டியது. அன்று பின்னேரமே மீளாய்வுக் குழுவின் தலைவருக்கு, மிக முக்கியமான முன்னேற்றம், நேரில் சொல்கிறேன் என்று கடிதமும் எழுதினேன்.

எனக்கு இந்தத் தொழிலைப் பழக்கியவர் ஒருவர் இருந்தார். தன் பெயரை எங்கேயும் போடுவதை விரும்பாதவர்; நானும் போடவில்லை. அவர் சொல்வார்: “வேண்டிய நேரத்துக்கு வாற பஸ்ஸெண்டால், ஏறமுந்திப் பலகையை ஒருக்கா வாசியும்.” நான் வாசிக்கவில்லை. ஏறி, யன்னல் பக்கத்து சீற்றிலும் இருந்துவிட்டேன்.

பலகையை வாசித்தது தர்ஷினி. தூள் முடிந்துகொண்டு வந்ததால், அதே மரங்களின் பட்டையை யோகன் வீட்டு உரலில் தன் கையாலேயே இடித்து, இரண்டாம் தடவை செய்து பார்த்திருக்கிறார். மீளாய்வுக்கு ஒரு கிழமை இருக்கும்போது என் மேசையில் இரண்டு தகடுகளை வைத்தார். ஒன்றில் மூன்று மஞ்சள் பொட்டுகள். மற்றதில் ஒன்றுமில்லை. முட்டைப் பரிசோதனையிலும் புதுத் தூள் கொஞ்சம்தான் வேலை செய்திருந்தது.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? குற்றத்தை உலக்கையின்மேல் போட்டேன். சரியாக இடிபடவில்லை என்றேன். பிறகு முட்டை பழசு என்றேன். பட்டை எடுத்த நேரம் மழைக்காலம் என்றேன். அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் நின்று கேட்டுவிட்டு, அப்படியென்றால் முன்னர் அரைத்த மில்லிலேயே திரும்பவும் அரைத்துப் பார்ப்போம் என்றார். என் மோட்டார் சைக்கிளில் பெற்றோல் இல்லை. அவருடைய ஸ்கூட்டியின் பின்னால், பட்டைப் பையை மடியில் அணைத்துக்கொண்டு, நெடுங்கேணிக்குப் போனேன்.

அன்றும் வரிசை. எங்களுக்கு முன்னால் ஒரு அம்மா கறித்தூள் அரைத்துக்கொண்டு போனார். மில்லக்கா பேணிக்குள் கையை விட்டார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது.

“அக்கா, அரிசி வேண்டாமெண்டு போனமுறையும் சொன்னனானெல்லே.”

“ஓம் ஐயா, சொன்னனீங்கள்.” அவர் கையில் பிடித்த அரிசியோடு நின்றார். “அரிசி போட்டு ஓட்டினால்தான் முன்னுக்கு அரைச்ச ஆக்களின்ர தூள் கழுவுப்படும். போடாட்டி அது உங்கட பட்டையோட வரும். போனமுறை வந்தது கலியாண வீட்டுத் தூள். சொல்ல வெளிக்கிட்டன், நீங்கள் கையைக் காட்டி மறிச்சுப்போட்டியள்.”

மில் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அந்தச் சத்தம் நின்றுபோனது. யோகனின் ஆட்டிறைச்சி, தும்மல், பத்தரை மணிப் பார்சல், மூன்று மஞ்சள் பொட்டு எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றன. வரிசையில் நின்ற இன்னொரு அம்மாவுக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். கலியாண வீட்டுத் தூளென்றால் நல்ல தூளாகத்தான் இருந்திருக்கும் என்று ஆறுதல் சொன்னார்.

தர்ஷினி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மில்லக்காவிடம் நேரே போனார்.

“அக்கா, அரைவாசியை அரிசி போடாமல் இப்பவே அரைச்சுத் தாங்கோ. பிறகு உங்கட முறைப்படி அரிசி போட்டு ஓட்டிப்போட்டு, மிச்சத்தை அரைச்சுத் தாங்கோ.”

இதைக் கவனியுங்கள். இரண்டு வருட உழைப்பு கண்முன்னே தூளாகிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பிள்ளை கேட்டது ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாதிரி. நான் கேட்டது தண்ணீர்.

சந்தியில் தேநீர்க் கடையில் இருந்தோம். இரண்டு பிளேன்ரீ வந்தது. இந்த இடத்தில் என்னை நல்லவனாக எழுதிவிடலாம். நீங்கள் யாரும் அன்று அங்கே இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லத்தானே எழுத வந்தேன். என் மூளை அந்த நேரம் நெடுங்கேணினை விடச் சுறுசுறுப்பாக வேலை செய்தது. கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மில்லுக்குப் போகப் போவதில்லை. பெறுபேறு பொய்யில்லை, முட்டை திரையாமல் நின்றது நின்றதுதான். இப்போதைக்குத் திட்டத்தைக் காப்பாற்றினால், பிறகு ஆறுதலாகத் திருத்திக்கொள்ளலாம்.

“தர்ஷினி,” என்றேன், “மில்லில பதப்படுத்தின ஒதியம்பட்டை எண்டு எழுதினால், அது பொய்யில்லைத்தானே?”

“பொய்யில்லை சேர்.” கோப்பையை ஒரு பக்கம் நகர்த்தினார். “ஆனா கறித்தூளுக்கு மாஸ்டர்ஸ் எடுத்தவள் எண்டு கண்டாவளையில போய் நான் இருக்கேலாது.”

திட்டத்தை மூடிவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். மூடினால் மூடட்டும், வயல் இருக்கிறது என்றார். சொன்னது என்னவோ துணிச்சலாகத்தான். ஆனால் அவருடைய பிளேன்ரீ ஆறிப்போய் அப்படியே இருந்தது. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. அந்தக் கோப்பையைப் பார்த்த பிறகு என் மூளையின் சுறுசுறுப்பு அடங்கிவிட்டது. கடிதம் எழுதியவன் நான். கையைக் காட்டி மறித்தவனும் நான். பட்டம் போகப்போவது அவருக்கு. குழுவின் முன்னால் நானே எழும்பிச் சொல்கிறேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஸ்கூட்டிச் சாவியை எடுத்தார்.

அந்தக் கிழமை முழுக்க நான்கு தூள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை செய்தோம். அரிசி போடாமல் மில்லில் அரைத்த பட்டை, அரிசி போட்ட பிறகு அரைத்தது, உரலில் இடித்தது, அதோடு யோகன் வீட்டுக் கறித்தூள் தனியாக. கறித்தூள் தந்த மகிழ்ச்சியில் யோகன் தன் மனைவியின் பெயரையும் கட்டுரையில் போடுவார்களா என்று விசாரித்தார். ஒவ்வொன்றையும் தர்ஷினி நான்கு தரம் செய்தார். என்னை அவர் தூளுக்குக் கிட்ட விடவில்லை. போத்தல் கழுவ விட்டார். நன்றாகக் கழுவினேன்.

மீளாய்வு நாள் வந்தது. மூன்று பேர். தலைவராக வந்தவர் ஒரு பேராசிரியை. மெலிந்த உருவம், மெல்லிய குரல். அவர் கேள்வி கேட்கத் தொடங்கினால் பெரிய பெரிய ஆட்களே கைக்குட்டை தேடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். நான் எழும்பினேன். முக்கியமான முன்னேற்றம் என்று எழுதியிருந்தேன், அது கறித்தூள் என்று சொன்னேன். பிறகு மில்லிலிருந்து கேக் வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். நெடுங்கேணின் என்ற பெயரை மட்டும் மெதுவாகச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“அரிசி போடவேண்டாமெண்டு சொன்னது ஆர்?”

“நான்.”

“ஏன்?”

“கலப்படம் வந்திடுமெண்டு.”

குழுவில் இருந்த மற்ற இருவருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது. பேராசிரியையின் முகத்தில் ஒரு நெளிவும் இல்லை. அவர் என்னை விட்டுவிட்டுத் தர்ஷினியின் பக்கம் திரும்பினார். கறித்தூளைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்று கேட்டார். தர்ஷினி உரல் தூளின் அளவையும், அரிசி போட்டு அரைத்த தூளின் அளவையும் காட்டினார். இரண்டும் ஏறக்குறைய ஒன்று. சின்ன அளவு. ஆனால் நான்கு தரம் செய்தும் நான்கு தரமும் அதே சின்ன அளவு. மஞ்சள் பொட்டு ஒன்றும் இல்லாமல், ஒதி தன்பாட்டில், தன்னால் முடிந்ததைச் செய்திருந்தது.

அந்தத் தாளைப் பேராசிரியை நெடுநேரம் பார்த்தார். இரண்டு வருடத்தில் இந்த ஆய்வுகூடத்திலிருந்து வந்து, தன்னால் நம்பிப் படிக்க முடிந்த முதல் தாள் இது என்றார். திட்டத்துக்கு இன்னும் மூன்று வருடம் கேட்டிருந்தோம். ஒரு வருடம் தந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் தர்ஷினி, ஒதியின் அந்தச் சின்ன வேலையையும், மில்லில் அரைக்கும் மூலிகைத் தூளில் என்னென்ன கலக்கும் என்பதையும் சேர்த்து எழுதிப் பட்டம் எடுத்தார். இன்று உங்கள் லீவுக் கடிதத்தில் கையெழுத்து வைப்பவர் அவர்தான். ஆய்வுகூட விதிகளில் பதினோராவது விதி, ‘மாதிரி அரைக்கும் இடத்தின் வழக்கத்தைக் கேட்டு எழுதிய பின்னரே அரைக்க வேண்டும்’ என்று இருக்கிறதல்லவா? அந்த விதிக்கு நான்தான் தகப்பன். பிறப்புச் சான்றிதழில் மட்டும் என் பெயர் இல்லை.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஒருவர் தன் வேலையில் செய்யும் ஒன்று உங்களுக்கு விளங்காவிட்டால், ‘வேண்டாம்’ என்று சொல்ல முதல் ‘ஏன்’ என்று கேளுங்கள். ஆய்வுகூடம் கறி மணத்தால், கறி மணக்கிறது என்று எழுதுங்கள். பிழை விட்டால் வெள்ளையாகச் சொல்லுங்கள். குறைந்தது ஒருமுறை பெரிய மனிதர்களை இருமவைத்த புண்ணியமாவது கிடைக்கும்.

ஒரு வருடம் கிடைத்த செய்தி வந்த கிழமை, நான் ஐந்து கிலோ நல்ல அரிசி வாங்கிக்கொண்டு நெடுங்கேணிக்குப் போனேன். வழக்கம்போல வரிசை. யாரோ மிளகாய் அரைத்து முடித்திருந்தார்கள். மில் சத்தத்துக்கு மேலால் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. விரிவுரை செய்து பழகிய தொண்டை, கத்தினேன். அக்கா, உங்கள் அரிசியால்தான் எங்கள் ஆய்வுகூடம் தப்பியது, ஒரு பிள்ளையின் படிப்புத் தப்பியது, இது என் மரியாதை, இனி உங்கள் பேணி ஒருநாளும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று, கொழும்பில் ஒரு மண்டபத்தில் பேசியிருக்க வேண்டியதை அங்கே பேசி முடித்து, பையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

மில்லக்கா பையின் கட்டை அவிழ்த்தார். உள்ளே கையை விட்டு அள்ளி, மில்லின் வாயில் போட்டார். வெள்ளை மா சிவப்பாக வந்து விழுவதைப் பார்த்தார். பிறகு பையைத் திரும்பக் கட்டி என் பக்கம் தள்ளினார்.

“ஒரு பிடி காணும், ஐயா.”